பொகவந்தலாவைக்குப் போன கரண்ட்

ஆட்சி மாறிய செய்தி வந்த அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பட்டாசு வெடித்தார்கள். நான் பிள்ளை மடுவத்து வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. உள்ளே குழந்தைகள் பயந்து அழுதன. எனக்கு வேறு பயம். பழைய அமைச்சு எங்களுக்குத் தருவதாகச் சொன்ன உதவி இனி என்ன ஆகும் என்பதுதான் அது.

லிந்துலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். நான் தலவாக்கலையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தோட்டத்துப் பெண்கள் சங்கத்துக்கும் நான்தான் பொறுப்பு. நாடு நொடித்துப்போய், கரண்ட் மணிக்கணக்கில் நின்று, கேஸுக்கு வரிசையில் கிடந்த காலத்தில்தான் இந்த யோசனை வந்தது. விடியற்காலை பனியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மடுவத்தில் பாலைச் சுடவைக்கக்கூட வழி இருக்காது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே காட்டிலிருந்து ஒரு ஓடை பாறைமேல் விழுந்து ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஒரு சின்ன மெஷினைச் சுற்றவிட்டால் மடுவத்துக்கும் லயத்துப் பாதைக்கும் கரண்ட் எடுக்கலாம் என்று, வந்து பார்த்த என்ஜினியர் சொன்னார். கொழும்பில் அமைச்சு ஒன்றில் இதற்கென்றே ஒரு நிதி இருந்தது. வெளிநாடுகள் பருவநிலை மாற்றத்துக்காகக் கொடுக்கும் பணம். புகை இல்லாத கரண்டுக்கு மட்டும்தான் தருவார்கள்.

நாங்கள் விண்ணப்பம் போட்டோம். எம்.பி. ஒருவர் சிபாரிசு செய்தார். கொள்கையளவில் சம்மதம் என்று பதில் வந்தது. அதே சுற்றில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்தும் இதே மாதிரி விண்ணப்பம் போயிருந்தது. அதைத் தள்ளிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, அவர்களுக்குக் கிடைக்காததிலும் கிட்டத்தட்ட அவ்வளவு சந்தோஷம்.

ஏனென்றால் அந்த விண்ணப்பத்துக்குப் பின்னால் இருந்தவள் என் தோழி.

முதல் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நானும் அவளும் ஹட்டனில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவளுடைய அப்பா தோட்டத்துக் காவல்காரர், என்னுடைய அப்பா ஃபெக்டரியில் வேலை. இரண்டு பேரும் லயத்தில் பிறந்தவர்கள், ஒரே வயது, ஒரே படிப்பு. ஆனாலும் எதுவும் அவள் பக்கமாகத்தான் சாய்ந்தது. ஒரு நேர்முகப் பரீட்சைக்கு என் குடையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வேலை கிடைத்தது. அதே பரீட்சைக்கு நனைந்துகொண்டு போன எனக்குக் கிடைக்கவில்லை. நான் சிங்களத்தை இலக்கணம் பிசகாமல் பேசுவேன். அவள் தப்பும் தவறுமாகப் பேசுவாள், ஆனால் கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே அவளுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். இதெல்லாம் அவள் செய்த குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவள் பெயரை யாராவது சொன்னால் என் முகம் ஒரு மாதிரி இறுகிவிடும்.

ஆட்சி மாறிக் கொஞ்ச நாளில் அவள் போன் பண்ணினாள்.

"நான் கொழும்புக்குப் போறேன்டி. புது ஆளுங்க வந்திருக்காங்களாம். எல்லாத்தையும் மறுபடி பார்க்குறாங்களாம். நீயும் வாறியா, சேர்ந்து போவோம்?"

"எங்களது பாஸாயிருச்சு. நான் எதுக்கு அலையணும்? எம்.பி. பார்த்துக்குறேன்னு சொல்லியிருக்காரு."

"எந்த எம்.பி.? அவருதான் தோத்துட்டாரே."

"அவரோட ஆளுங்க இன்னும் உள்ள இருக்காங்க."

"சரிடி, பார்த்துக்க" என்று வைத்துவிட்டாள். என்னை வேவு பார்க்கத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்தேன். தள்ளுபடியான விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று ஒரு இளக்காரமும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் போட்ட ஈமெயில் எதற்கும் பதில் இல்லை. எங்கள் காரியத்தைப் பார்த்துவந்த அதிகாரியின் போனை வேறு யாரோ எடுத்து, அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். கடைசியில் ஒரு நாள் விடிகிற நேரத்தில் ஹட்டனில் பஸ் ஏறினேன்.

அமைச்சு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு அமைச்சை ஒன்றாக்கிவிட்டார்களாம். மாடியில் நடைபாதை நெடுகப் பெட்டிகள். எங்கள் கோப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த அதிகாரி ஒரு பெண், அவரைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு அறையைக் காட்டினார்கள்.

கதவைத் தள்ளினால், உள்ளே பொகவந்தலாவைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அந்த அதிகாரி, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளை 'நங்கி' என்று கூப்பிட்டார். தங்கச்சி என்று அர்த்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மிஸ், என்ன விஷயம்?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்த மரியாதை எனக்குக் குத்தியது.

என் தோழி எழுந்து வந்து என் கையைப் பிடித்து அவரிடம் சொன்னாள், "இவங்கதான் மெடம் நான் சொன்ன லிந்துலை ஆள். எங்களுது மாதிரி இல்ல, இவங்க ஓடையில வருஷம் பூரா தண்ணி."

அவள் என்னைப் பற்றி முன்னமே நல்லவிதமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் நன்றியோடு சிரித்திருக்க வேண்டும். என்னால் சிரிக்க முடியவில்லை. என் ஓடையைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்றுதான் இருந்தது.

அதிகாரி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். பழைய சம்மதம் எதுவும் இப்போது செல்லாது. அரசியல்வாதிகள் சிபாரிசு செய்தவற்றை முதலில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஆனால் நிதி சுருங்கிவிட்டது. இந்தச் சுற்றில் தோட்டப் பகுதிக்கு ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் மேனேஜர் துரையின் சம்மதம் வேண்டும். வறட்சி மாதத்தில் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற அளவும் வேண்டும்.

திரும்பி வரும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். கினிகத்தேனையில் பஸ் நின்றதும் அவள் இறங்கிப்போய் இரண்டு பேருக்குமாக வடை வாங்கி வந்தாள். நான் பசியில்லை என்றேன். உண்மையில் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் அசையாமல் உட்கார்ந்து, தூங்குகிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படி இவளால் எங்கேயும் இப்படி நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

எங்கள் பெரிய துரையைப் பார்க்கப் போனேன். எம்.பி. சொன்ன காலத்தில் பங்களாவில் உட்காரவைத்துப் பேசியவர், இப்போது ஆபீஸ் வராந்தாவிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"மேல எல்லாம் புது ஆட்கள். யார் எதைக் கேட்பாங்கன்னு தெரியாது. கம்பெனியில இருந்து உத்தரவு வராம நான் கையெழுத்து வைக்க ஏலாது."

உத்தரவு வரவில்லை. நான் போய்க்கொண்டே இருந்தேன். பொகவந்தலாவைத் தோட்டத்துத் துரையோ உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் துரையிடம் அவள் எந்த எம்.பி.யையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. மடுவத்துக் கூரை ஒழுகுகிறது, பாதை சரிந்துவிட்டது என்று அவளும் அவளுடைய சங்கத்துப் பெண்களும் ரொம்ப காலமாக அவரோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒரு பழக்கமே ஆகிவிட்டதாம். நான் பெரிய மனிதர்கள் வழியாகப் போன இடத்துக்கு அவள் நடந்தே போயிருக்கிறாள்.

இந்தச் சுற்றுக்கு எங்கள் பெயர் இல்லை என்று சங்கத்தில் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் கேட்டார், "அப்ப அந்தப் புள்ள தோட்டத்துக்குத்தான் கிடைக்குமா? உங்க கூட்டாளிதானே? நல்லாயிருக்கட்டும்." என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

மாசி மாதம். வெயில் ஏறி, பகலில் மலையெல்லாம் காய்ந்து, ராத்திரியில் பனி கொட்டும் காலம். அவள் மறுபடி போன் பண்ணினாள்.

"ஓடையை அளக்கணும்டி. எங்க சங்கத்து ஆளுங்க அளந்தா போதாதாம், வெளியாளு வந்து அளக்கணுமாம். உனக்குத்தான் அது தெரியும். வருவியா?"

வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உதவி செய்யப் போறியா, குறை பார்க்கப் போறியா?" என்றார்.

"ரெண்டும்தான்," என்றேன்.

நோர்வூட் தாண்டி வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்றைக்கும் சுற்றியது. அவளும் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் ரோட்டோரத்தில் காத்திருந்தார்கள். தேயிலை மலை வழியாக ஓடைக்கு ஏறினோம். ஓடையைப் பார்த்ததும் என் மனசு துள்ளியது. தண்ணீர் மெலிந்து கிடந்தது.

அளக்கும் முறை லேசானதுதான். நடுவில் முக்கோணமாக வெட்டிய பலகை ஒன்றை ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, ஓரமெல்லாம் களிமண்ணால் அடைத்துவிட்டால், தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாகத்தான் போகும். வெட்டில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ அதை வைத்து ஓட்டத்தைக் கணக்குப் போடலாம். நான் குனிந்து அளவுகோலைப் பிடித்தேன். குறைவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு என் கண்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பலகையைக் கழற்றித் திரும்ப நிறுத்தினேன். களிமண்ணை அழுத்தி அடைத்தேன். நான் பார்த்த அளவைச் சொல்லாமல், அவளுடைய சங்கத்துப் பெண்ணொருத்தியைக் கூப்பிட்டு அளவுகோலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இன்னொருத்தியையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் நான் பார்த்ததையேதான் சொன்னார்கள்.

"உங்க என்ஜினியர் கணக்குப் போட்ட மெஷினுக்கு இந்தத் தண்ணி பத்தாதுடி," என்றேன். "மழை காலத்துல ஓடும். மாசி பங்குனியில நின்னுரும்."

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நீ அப்படித்தான் சொல்லுவ."

"நான் சொல்லலடி. அளவு சொல்லுது."

"அளந்தது யாரு?"

"நாங்களும் பார்த்தோமேக்கா," என்று அளவு வாசித்தவள் மெதுவாகச் சொன்னாள். "எங்களையும் பார்க்கச் சொன்னாங்க."

என் தோழி அதைக் காதில் வாங்கவில்லை. "எங்களுக்கு கிடைக்குறது உனக்குப் பொறுக்கல. ஹட்டன்ல இருந்த காலத்துல இருந்தே உனக்கு அந்தப் புத்திதான்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அளவும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதை யாருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பெண்கள் என்னைப் பஸ்ஸேற்றி விட்டார்கள்.

அளவை உள்ளபடி அமைச்சுக்கு அனுப்பினேன். அன்றைக்கு வீட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவள் திட்டம் நின்றுவிடும், அதற்குள் எங்கள் துரை கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்கள் ஓடைக்கு வருவார்கள் என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது வேறு. அவள் அந்தக் குறைந்த அளவையே கையில் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் இவ்வளவுதான், பெரிய மெஷின் வேண்டாம், பாதி அளவில் சின்னதாக ஒன்று போதும், வெயில் காலத்துக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையில் சோலார் தகடு போட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறாள். புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரம் முடிகிற காரியம் ஒன்று தேவைப்பட்டது. சுருங்கிப்போன நிதிக்குள் அடங்குவதாகவும் இருந்தது. உடனே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இதை எனக்குச் சொன்னது அந்தப் பெண் அதிகாரிதான். அவரே போன் பண்ணினார். "மிஸ், நீங்க அளவைச் சரியாகச் சொன்னதால்தான் பெரிய மெஷினை வாங்கி வீணாக்காமல் தப்பித்தோம். இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு," என்றார். நான் நன்றி சொன்னேன். வயிறு எரிந்தது. நான் போய் அளந்திருக்காவிட்டால் அவளுக்குக் கிடைத்தேயிருக்காதோ என்னவோ.

வேலை முடிந்ததும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாள். ஓடையில் பேசிக்கொண்டதற்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். அதிகாரி பேசினார், துரை பேசினார், அவள் தன்னுடைய ஓட்டைச் சிங்களத்தில் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். பிறகு என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பளபளத்த துணியைக் கழற்றவும் முடியாமல் போட்டுக்கொண்டு இருக்கவும் முடியாமல் நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் பிள்ளை மடுவத்துக்குள் போனேன். ஆயா ஒருத்தி குழாயைத் திறந்து ஒரு குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து ஆவி வந்தது. அந்தக் குழந்தை அழவில்லை. ஆயா போனபிறகு நான் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் மடுவத்தில் காலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளைகள் வீறிடும் சத்தம் ஞாபகம் வந்தது. இதுவரை அவள்மேல் பட்ட பொறாமை எல்லாம் எனக்காகப் பட்டது. இது எங்கள் மடுவத்துப் பிள்ளைகளுக்காக. இதுதான் ரொம்ப வலித்தது.

அவள் பின்னால் வந்து நின்றாள். "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடி," என்றாள்.

"நீ சொன்னது சரிதான். தண்ணி கம்மியா இருக்கணும்னுதான் நான் ஆசைப்பட்டேன்."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் உன்னைக் கூப்பிட்டேன். வேற யாரு வந்தாலும் எங்க மனசு நோகக் கூடாதுன்னு கூட்டித்தான் சொல்லியிருப்பாங்க. நீ சொல்ல மாட்ட." பிறகு மெதுவாகச் சொன்னாள், "கேட்டப்ப தாங்க முடியல. அதான்."

நான் குழாயை மூடினேன். என் பொறாமையைக்கூட இவள் தனக்கு உபயோகமாக எடுத்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு பேரும் பந்திக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்தத் தடவை வடையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியிலிருந்து உத்தரவு கடைசியில் வந்துவிட்டது. துரை கையெழுத்துப் போட்டார். அதற்காக நான் எந்த எம்.பி.யிடமும் போகவில்லை. சங்கத்துப் பெண்களோடு அவருடைய ஆபீஸ் வாசலில் போய்ப் போய் நின்றேன். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறதாம். பணம் இன்னும் வரவில்லை. அமைச்சில் மறுபடி ஆட்களை மாற்றப்போவதாக ஒரு பேச்சு இருக்கிறது.

மறுபடி மாசி வந்துவிட்டது. போன கிழமை எங்கள் ஓடையை அளக்க வெளியாள் வேண்டும் என்றார்கள். நான் அவளைத்தான் கூப்பிட்டேன். பலகையும் களிமண்ணுமாக ஏறி வந்தாள். தண்ணீர் வெட்டையும் மீறிப் பலகைக்கு மேலால் வழிந்தது. இன்னும் பெரிய பலகை வேண்டும் என்று அவள் சொல்லவேண்டி வந்தது. அதைச் சொல்லிவிட்டு, பாறைமேல் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லாத அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று ஆற அமரப் பார்த்தேன்.

"எவ்வளவு தண்ணிடி," என்றாள்.

"ஆமா," என்றேன்.